ஒண்டுக்குடித்தனத்தில் ஒரு கால்பந்து கிளப்: கிளைடும் அது மாறிய வீடுகளும்

ராய் கீன் மான்செஸ்டர் யுனைடெட்டை விட்டு வந்து, ஸ்காட்லாந்தின் பெரிய கிளப்பான செல்டிக்கின் சட்டையில் இறங்கிய முதல் ஆட்டம் நினைவிருக்கிறதா? 2006 ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை, ஸ்காட்டிஷ் கோப்பையின் மூன்றாம் சுற்று. அவருக்காகவே டிவி முன்னால் உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர். எதிரே இருந்தது கிளைட் என்கிற ஒரு சின்ன கிளப். முந்தைய கோடையில் ட்ரையல் வைத்து, வந்தவர்களில் தேறியவர்களைப் பொறுக்கிச் சேர்த்த பையன்கள்தான் அதில் அதிகம். கிரெய்க் பிரைசன் ஒன்று, எடி மலோன் ஒன்று என்று முதல் பாதியிலேயே இரண்டு கோல் போட்டார்கள். கடைசியில் 2-1, செல்டிக் வெளியே.

எனக்கு உறுத்திய விஷயம் வேறு. கிளைட் என்பது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தின் நடுவே ஓடும் ஆற்றின் பெயர். ஆட்டம் நடந்ததோ நகரத்திலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி, கம்பர்னால்ட் என்ற ஊரில். அங்கே கிளைட் ஆறும் கிடையாது, பழைய கிளாஸ்கோவும் கிடையாது. கிளைடுக்கு அது 'ஹோம் கிரவுண்ட்' என்று எழுதியிருந்தார்கள். ஆற்றின் பெயரை வைத்துக்கொண்ட கிளப் ஆறே இல்லாத ஊரில் எப்படிக் குடியேறியது என்று தேடப்போய்த்தான் இந்தக் கதை கிடைத்தது. ஹோம் கிரவுண்ட் என்றால் உண்மையில் என்ன என்று புதிதாகக் கால்பந்து பார்க்கத் தொடங்கியவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். லீகில் ஒவ்வொரு அணியும் பாதி ஆட்டத்தைத் தன் இடத்தில் ஆடும், மீதியை எதிரணியின் இடத்தில். தன் இடம் ஹோம், அடுத்தவர் இடம் அவே. கேட்க எளிதுதான். ஆனால் 'தன் இடம்' என்பதற்குள் மூன்று வேறு வேறு விஷயம் ஒளிந்திருக்கிறது. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது ஒன்று, யாருக்கு அங்கே ஆட உரிமை என்பது இன்னொன்று, அந்த அணியைப் பார்க்க நடந்து வருகிற ஜனங்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பது மூன்றாவது. பெரிய கிளப்புகளுக்குப் பெரும்பாலும் மூன்றும் ஒரே இடத்தில் அமைந்துவிடும், அதனால் நாம் பிரித்துப் பார்ப்பதே இல்லை. கிளைடுக்கு மூன்றும் ஒவ்வொன்றாகக் கழன்று போயின.

கிளப் தொடங்கியது 1877. முதல் மைதானம் பாரோஃபீல்ட் பார்க், கிளைட் ஆற்றின் வடகரையில், பிரிட்ஜ்டன் பகுதியில். கிளாஸ்கோவின் கிழக்கே மில்லும் தொழிற்சாலையும் நெருக்கியடித்துக்கொண்டிருந்த வட்டாரம் அது. சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் நேராக ஆட்டம் பார்க்கப் போகலாம். 'ஸ்காட்லாந்துக் கால்பந்து' என்று இன்று நாம் பெரிதாகப் பேசுவதெல்லாம் இந்த அரை நாள் விடுமுறையில் முளைத்ததுதான். 1891இல் கிளைட் ஸ்காட்டிஷ் லீகில் சேர்ந்தது. கூட்டம் கூடக் கூட பாரோஃபீல்ட் போதவில்லை.

1898இல் கிளப் ஆற்றைத் தாண்டியது. தென்கரையில் ஷாஃபீல்ட் என்ற இடம், அதற்கு முன் வண்டிக்குதிரைப் பந்தயம் நடந்த தடம். ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தானே, அதே ஜனங்கள் பாலத்தைத் தாண்டி நடந்து வந்தார்கள். நிறையவே வந்தார்கள். 1908இல், செல்டிக்கைப் போலவே கிளாஸ்கோவின் இன்னொரு பெரிய கிளப்பான ரேஞ்சர்ஸுக்கு எதிரான ஆட்டத்துக்கு 52,000 பேர் என்று கணக்கு. இன்றைக்கு கிளைடின் ஆட்டத்துக்குச் சில நூறு பேர் வந்தால் பரவாயில்லை ரகம். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தலை சுற்றும்.

இந்த ஷாஃபீல்டில் ஒரு சின்ன விவரம் உண்டு. அது கிளாஸ்கோ நகர எல்லையை ஒட்டி இருந்தாலும் சேர்ந்தது ரதர்கிளென் என்ற பக்கத்து ஊரில். ரதர்கிளென்காரர்கள் தங்களைக் கிளாஸ்கோவோடு சேர்த்துச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். இது பின்னால் வேறொரு இடத்தில் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 1930கள். உலகமெங்கும் பொருளாதார மந்தம், கிளாஸ்கோவில் கப்பல் கட்டும் தளங்கள் படுத்துவிட்டன, வேலை இல்லாதவன் டிக்கெட்டுக்குக் காசு எங்கே போவான்? கிளப்புக்குக் கடன் ஏறியது. அப்போது பிரிட்டனில் புதிதாகப் பிடித்திருந்த மோகம் கிரேஹவுண்ட் நாய்ப்பந்தயம். தண்டவாளத்தில் ஒரு பொம்மை முயல் ஓடும், ஒல்லி நாய்கள் அதைத் துரத்தும், சுற்றி நிற்பவர்கள் பந்தயம் கட்டுவார்கள். கால்பந்து கிளப்புக்கு ஹோம் ஆட்டம் இரண்டு வாரத்துக்கு ஒன்றுதான், மீதி நாளெல்லாம் மைதானம் சும்மா கிடக்கும். நாய்ப்பந்தயமோ வாரத்தில் பல இரவு நடத்தலாம், ஒவ்வொரு இரவும் காசு. 1932இல் ஷாஃபீல்டில் ஆடுகளத்தைச் சுற்றி நாய் ஓடும் பாதை வந்தது. 1935இல் கிளப் மைதானத்தையே நாய்ப்பந்தய நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. விற்றுவிட்டு, அதே இடத்தில் வாடகைக்கு இருந்தது.

நம் ஊரிலும் பார்த்திருப்பீர்கள், கடன் நெருக்கும்போது வீட்டை விற்று, வாங்கியவரிடமே வாடகைக்கு இருக்கிறேன் என்று கேட்பவர்களை. அன்றைக்கு எதுவும் மாறாது. அதே திண்ணை, அதே கொல்லைப்புறம். சாவி கைமாறியது தெருவுக்குக்கூடத் தெரியாது. முடிவெடுக்கும் இடத்தில் இனி நீங்கள் இல்லை, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் ஒரு நாள் வந்து நிற்கும்.

கிளைடுக்கு அது வந்து நிற்க ஐம்பத்தொரு வருஷம் ஆயிற்று. அந்த இடைவெளியில்தான், வாடகைக்குடியாக இருந்தபோதுதான், கிளப்பின் பொற்காலமே. 1939இல் மதர்வெல்லை 4-0 என்று வென்று முதல் ஸ்காட்டிஷ் கோப்பை. செப்டம்பரில் போர் தொடங்கியது, கோப்பைப் போட்டி நின்றது, ஆகவே 1947 வரை கோப்பை கிளைடிடமே இருந்தது. இதைக் கிளைட் ரசிகர்கள் பாதிச் சிரிப்போடும் பாதிப் பெருமையோடும் சொல்வார்கள்.

1955 இறுதிப் போட்டியை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஹாம்ப்டன் பார்க், ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம், டிவியில் நேரடியாகக் காட்டிய முதல் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதிப் போட்டி. செல்டிக் 1-0 முன்னிலை, ஆட்டம் முடிய நிமிடங்களே பாக்கி. கிளைடுக்கு ஒரு கார்னர், அதாவது ஆடுகளத்தின் மூலையிலிருந்து பந்தை உதைக்கும் வாய்ப்பு. ஆர்ச்சி ராபர்ட்சன் அடித்த பந்து யார் காலிலும் தலையிலும் படவில்லை, காற்றில் வளைந்து, நேராக வலைக்குள். 1-1. அந்த வாரமே மறு ஆட்டம், டாமி ரிங்கின் ஒரே கோல், கோப்பை கிளைடுக்கு. சரி, இத்தனை நல்ல அணி அடுத்த வருஷம் என்ன செய்தது தெரியுமா? இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. அதற்கடுத்த வருஷம் அங்கே சாம்பியன் ஆகி மேலே வந்தது, 1958இல் ஹிபர்னியனை 1-0 என்று வென்று மூன்றாவது கோப்பையும் வாங்கியது. இப்படி ஏறி இறங்கும் கிளப்பின் ரசிகர்களுக்கு இதயம் பலமாக இருக்க வேண்டும்.

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. 1957 டிசம்பரில் ஷாஃபீல்டில் செல்டிக்குடன் ஆட்டம் நடந்தபோது ஒரு சுவர் இடிந்து விழுந்து ஒரு சிறுவன் இறந்தான், பலருக்குக் காயம். அந்தக் காலத்து மைதானங்கள் ஆயிரக்கணக்கானவர்கள் நெருக்கி நின்று பார்க்கும் படிகள்தான், பாதுகாப்பு என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம்.

இப்போது அந்த ரதர்கிளென் விவரத்துக்கு வரலாம். 1966-67 சீசனில் கிளைட் முதல் டிவிஷனில் மூன்றாம் இடம் பிடித்தது. மேலே இருந்தவர்கள் இரண்டே பேர், செல்டிக்கும் ரேஞ்சர்ஸும். அந்த வருஷம் செல்டிக் ஐரோப்பியக் கோப்பையையே வென்றது, ரேஞ்சர்ஸ் இன்னொரு ஐரோப்பியக் கோப்பையின் இறுதிவரை போனது. அப்படிப்பட்ட இரண்டு பேருக்குப் பின்னால் மூன்றாம் இடம் என்பது சாதாரணமில்லை. அந்த இடத்துக்கு ஃபேர்ஸ் கோப்பை என்ற ஐரோப்பியப் போட்டியில் ஆட வாய்ப்பு கிடைத்திருக்க வேண்டும். ஆனால் அதில் ஒரு நகரத்துக்கு ஒரு கிளப்தான் என்று விதி. கிளாஸ்கோவின் இடம் ரேஞ்சர்ஸுக்குப் போயிற்று. கிளைடின் ஆடுகளம் இருந்தது ரதர்கிளெனில், ஆனால் கால்பந்து உலகம் அதைக் கிளாஸ்கோ கிளப்பாகவே பார்த்தது. ஹோம் கிரவுண்டின் முகவரி ஒன்று, உலகம் உங்களை வைத்திருக்கும் ஊர் இன்னொன்று. எனக்கு இந்தக் கதையில் மிகவும் எரிச்சலூட்டும் இடம் இதுதான். மைதானத்தைப் பறிகொடுத்ததைவிட.

இதற்கிடையில் மூன்றாவது விஷயம், அதாவது ஜனங்கள், கழன்றுகொண்டிருந்தார்கள். போருக்குப் பிறகு கிளாஸ்கோ மாநகராட்சி உள்நகரத்தின் நெருக்கடியான பழைய குடியிருப்புகளை வரிசை வரிசையாக இடித்தது. பிரிட்ஜ்டன், அதற்கு மேற்கே ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோர்பல்ஸ், எல்லாம் அதில் அடக்கம். குடும்பங்கள் நகர ஓரத்துப் புதுக் குடியிருப்புகளுக்கும், ஈஸ்ட் கில்பிரைட், கம்பர்னால்ட் போன்ற புது ஊர்களுக்கும் அனுப்பப்பட்டன. கிளப் இருந்த இடத்திலேயே இருந்தது, நடந்து வந்து பார்த்தவர்கள் போய்விட்டார்கள். போனவர்கள் ரேஞ்சர்ஸையோ செல்டிக்கையோ பஸ் பிடித்துப் போய்ப் பார்ப்பார்கள், சின்ன கிளப்புக்காக யார் இரண்டு பஸ் மாறுவது? தாத்தா காலத்திலிருந்து தொடரும் பிடிவாதக்காரர்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

மிஞ்சிய காலத்திலும் சில நல்ல விஷயம் நடந்தது. பிற்பாடு ஸ்காட்லாந்து அணியை 1998 உலகக் கோப்பைக்குக் கூட்டிப்போன கிரெய்க் பிரவுன் 1977லிருந்து 1986 வரை இங்கேதான் மேனேஜர். செல்சிக்கும் எவர்ட்டனுக்கும் ஆடப்போன பேட் நெவின் இங்கேதான் தொடங்கினார், படித்துக்கொண்டே பகுதிநேரமாக ஆடியவர்.

1986இல் மைதான உரிமையாளர்கள் கிளைடைக் காலி செய்யச் சொன்னார்கள். எண்பத்தெட்டு வருஷம் இருந்த இடம். ஏப்ரலில் அல்லோவாவுடன் கடைசி ஆட்டம். அந்த இடத்தில் நாய்கள் 2020 வரை ஓடின என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் இருந்த கிளப் வெளியே, பின்னால் வந்த நாய்ப்பந்தயம் உள்ளே.

இனிமேல்தான் 'கிரவுண்ட் ஷேர்' என்கிற ஏற்பாடு. தமிழில் சொல்வதானால் ஒண்டுக்குடித்தனம். சொந்த மைதானம் இல்லாத கிளப் இன்னொரு கிளப்பின் மைதானத்தை, அவர்கள் அவே ஆட்டத்துக்குப் போகும் வாரங்களில், வாடகைக்கு எடுத்து அதைத் தன் ஹோம் என்று பதிவு செய்துகொள்ளும். விதிப்படி இதில் எந்தக் குறையும் இல்லை. நடைமுறையில்தான் கஷ்டம். ஸ்டேண்டெல்லாம் வேறொரு அணியின் நிறம். சுவரில் அவர்களுடைய பழைய வீரர்களின் படம். தேநீரும் 'பை' என்கிற இறைச்சிப் பண்டமும் விற்ற காசு, விளம்பரப் பலகைக் காசு எல்லாம் ஒப்பந்தத்தைப் பொறுத்து வீட்டுக்காரருக்குப் போகலாம். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஹோம் ஆட்டம் வந்தால் நகர வேண்டியது குடித்தனக்காரர். குழாயடியில் யார் முதலில் தண்ணீர் பிடிப்பது என்ற அதே சண்டைதான், கொஞ்சம் பெரிய அளவில்.

கிளைட் முதலில் போனது கிளாஸ்கோவின் வடமேற்கில் உள்ள ஃபர்ஹில், பார்ட்டிக் திசிலின் மைதானம். அங்கே 1991 வரை. பிறகு ஹாமில்டன் ஊரில் ஹாமில்டன் அகாடமிக்கல் கிளப்பின் டக்ளஸ் பார்க், 1994 வரை. இப்படி எட்டு வருஷம் மூட்டையும் முடிச்சுமாக அலைந்ததில் ரசிகர்களுக்கு 'ஜிப்ஸி ஆர்மி' என்று பேர் வந்தது, நாடோடிப் படை. கிளப்பின் பழைய செல்லப்பெயர் 'புல்லி வீ'. வீ என்றால் ஸ்காட்லாந்துப் பேச்சில் சின்னது. புல்லி என்றால் பழைய வழக்கில் பலே, சபாஷ் என்ற பொருள் உண்டு. பலே குட்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

1994இல் கம்பர்னால்டில் பிராட்வுட். உள்ளூர் நிர்வாகம் கட்டிய புது அரங்கம், சுமார் 8,000 இருக்கை. கிளப்புக்கு நிலையான கூரை கிடைத்தது, நிர்வாகத்துக்குத் தன் புது ஊருக்கு ஒரு லீக் அணி கிடைத்தது. பழைய கிளாஸ்கோக் குடும்பங்கள் நிறைய அங்கே குடியேறியிருந்ததால் பழைய ரசிகர்களின் பிள்ளைகள் வருவார்கள் என்றும் ஒரு நம்பிக்கை. பெரிதாக வரவில்லை. எட்டாயிரம் இருக்கையில் ஆயிரம் பேர்கூட இல்லாமல் உட்கார்ந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். கல்யாண மண்டபத்தில் காதுகுத்து வைத்தது போல.

இந்த இடத்தில் மைதானத்துக்கும் லீகுக்கும் உள்ள இன்னொரு தொடர்பையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் மேல்மட்ட லீகுக்குள் நுழைய அணிக்கு 10,000 இருக்கை உள்ள மைதானம் வேண்டும் என்று விதி இருந்தது. 2003இல் ஃபால்கிர்க் கீழ் லீகில் சாம்பியன் ஆகியும் மைதானம் தேறாததால் மேலே விடவில்லை. அந்த வருஷம் கிளைட் இரண்டாம் இடம். அடுத்த வருஷமும் கிளைட் இரண்டாம் இடம், கடைசி நாள் வரை இழுத்துப்பிடித்து இன்வெர்னஸ் முந்திக்கொண்டது. அந்த இன்வெர்னஸும் மேலே போனதும் தன் மைதானத்தில் ஆட முடியாமல் நூறு மைல் தள்ளி அபர்டீனில் ஒண்டுக்குடித்தனம் இருந்தது, விதியை 6,000 இருக்கைக்குக் குறைத்த பிறகுதான் 2005 ஜனவரியில் வீடு திரும்பியது. காலில் ஜெயித்தால் மட்டும் போதாது, நாற்காலியும் எண்ண வேண்டும்.

அதற்கு ஒரு வருஷம் கழித்து வந்ததுதான் நான் தொடக்கத்தில் சொன்ன செல்டிக் ஆட்டம். அதோடு ஏறியதெல்லாம் இறங்கியது. 2009லும் 2010லும் அடுத்தடுத்து இரண்டு படி கீழே. கிளப்பை ரசிகர்களே உறுப்பினராகச் சேர்ந்து நடத்தும் நிலைக்கு வந்தது. ஸ்காட்லாந்தில் நான்கு அடுக்கு லீக், மொத்தம் 42 கிளப், இதில் கிளைட் இருப்பது பெரும்பாலும் கடைசி அடுக்கில். 2019இல் ஒரு படி ஏறி, 2023இல் ஆனன் அத்லெட்டிக்கிடம் பிளே ஆஃபில் தோற்று மறுபடி அங்கேயே. நடுவில் ஈஸ்ட் கில்பிரைடுக்குப் போகலாமா என்று ஒரு பேச்சும் நடந்து அடங்கியது.

கிளப் போய் மைதானம் மட்டும் மிஞ்சிய கதையும் அதே நகரத்தில் உண்டு. தேர்ட் லனார்க் என்று ஒரு கிளப், 1904இல் ஸ்காட்லாந்தின் லீக் சாம்பியன். 1967இல் திவாலாகி அழிந்தேபோனது. அதன் மைதானம் காத்கின் பார்க் இன்றும் பொதுப் பூங்காவாக இருக்கிறது. ஆட்களில்லாத படிகளில் மரம் முளைத்து நிற்கிறது. யார் வேண்டுமானாலும் போய் அந்தப் படியில் உட்காரலாம், நடுவில் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள். கிளைட் ரசிகர்களுக்குப் போய் உட்கார அப்படி ஒரு படி கிடையாது, ஆனால் சனிக்கிழமை ஆட்டம் உண்டு. எது மேல் என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் சனிக்கிழமை ஆட்டம் என்பேன்.

2022இல் கிளைட் பிராட்வுட்டையும் காலி செய்தது. போனது மறுபடி ஹாமில்டனுக்கு. பழைய டக்ளஸ் பார்க் இப்போது இல்லை, அந்த நிலம் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போயாகிவிட்டது. அதை விற்ற பிறகு 1994லிருந்து 2001 வரை ஹாமில்டன் கிளப்பும் வீடில்லாமல் அலைந்து, பெரும்பாலும் ஃபர்ஹில்லில், அதாவது கிளைட் முன்பு ஒண்டியிருந்த அதே இடத்தில் ஒண்டியிருந்தது. 2001இல் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே நியூ டக்ளஸ் பார்க் கட்டினார்கள். அங்கேதான் கிளைட் குடித்தனம். ஒரே ஆறுதல், கிளைட் ஆறு ஹாமில்டனை ஒட்டித்தான் ஓடுகிறது. பாரோஃபீல்டுக்கும் ஷாஃபீல்டுக்கும் நடுவே ஓடிய அதே தண்ணீர், ஆறு வரும் பக்கத்தில் கொஞ்சம் மேலே.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்று பழமொழி சொல்வோம். இங்கே யாரும் யாரையும் விரட்டவில்லை, ஆனால் நடந்ததைப் பாருங்கள். நியூ டக்ளஸ் பார்க்கின் உரிமை ஹாமில்டன் கிளப்பின் கையில் இருக்கவில்லை. மைதான உரிமையாளர்களோடு தகராறு முற்றி, 2025இல் ஹாமில்டன் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு கிளம்பியது. குடித்தனக்காரரான கிளைட் அங்கேயே இருந்தது. ஹாமில்டன் எங்கே போயிற்று என்கிறீர்களா? கம்பர்னால்டுக்கு, பிராட்வுட்டுக்கு, கிளைட் மூன்று வருஷம் முன்பு காலி செய்துவிட்டு வந்த அதே வீட்டுக்கு.